நெற்றியில் எழுதிய அரசாங்கம்

தோல் சீமை: வரலாற்றுத் தொடர் – 17

ஜப்பானில் வெந்நீர் ஊற்றுக் குளியல் விடுதிகளின் வாசலில் ஒரு பலகை தொங்கும். குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை, தொற்றுநோய் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை என்ற வரிசையில், பச்சை குத்தியவர்களுக்கும் அனுமதி இல்லை என்று எழுதியிருப்பார்கள். 2015இல் அந்த நாட்டின் சுற்றுலாத் துறை விசாரித்தபோது, பதில் சொன்ன விடுதிகளில் பாதிக்கு மேல் இப்படித் திருப்பி அனுப்புவதாக ஒப்புக்கொண்டன. 2013இல் நியூசிலாந்திலிருந்து ஹொக்கைடோ தீவுக்கு வந்த மாவோரிப் பெண் ஒருவரை, முகத்தில் இருந்த பச்சைக்காக உள்ளே விட மறுத்துவிட்டார்கள். அது அவருடைய குலத்தின் அடையாளம். அவர் வந்திருந்ததோ பூர்வகுடிகளின் மொழிகளைக் காப்பாற்றுவது பற்றிய ஒரு மாநாட்டுக்கு.

அரக்கோணத்துக்குப் பக்கத்து நெமிலியில் எழுபது வயதைத் தாண்டிய பெண்கள் பலரை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் ஒருவரும் குளிக்க முடியாது. முன்கையில் புள்ளிக் கோலம், மணிக்கட்டில் தேள், புறங்கையில் அண்ணன் பெயரோ வீட்டுக்காரர் பெயரோ, புருவ மத்தியில் ஒரு பொட்டு. கறுத்த தோலில் நீலம் பாய்ந்து, பச்சையும் இல்லாமல் கறுப்பும் இல்லாமல் கிடக்கிற அந்தக் கோடுகளைப் பார்த்து இந்த ஊரில் யாரும் பயந்து ஒதுங்கியதில்லை. ஜப்பானில் அதே ஊசியும் அதே மையும் யாகுசா என்ற பெயரை நினைவுக்குக் கொண்டுவருகின்றன. அது சூதாட்டம், வட்டித் தொழில், மிரட்டிப் பணம் பறித்தல் என்று பல தொழில் நடத்தும் குற்றக் கும்பல்களுக்கான பொதுப்பெயர். அங்கே ரௌடியிடம் போய்ச் சேர்ந்த பச்சை இங்கே பாட்டியிடம் எப்படித் தங்கியது? தோல் பதனிடும் சீமையின் கதையில் இதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். இது முழுக்க முழுக்கத் தோலின் கதைதான். மாட்டுத் தோலுக்குப் பதில் மனிதத் தோல்.

ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்து டேனரிகளில் தரம் பிரிக்கிறவரின் கண் முதலில் தேடுவது சூட்டுத் தழும்பை. மாடு உயிரோடு இருந்தபோது உரிமைக்காகவோ வைத்தியத்துக்காகவோ யாரோ போட்ட சூடு அது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறினாலும், ஆவாரம் பட்டைச் சாற்றில் கிடந்தாலும், குரோம் ஏறினாலும் அந்த இடம் போகாது. மற்ற இடமெல்லாம் எவ்வளவு நயமாக இருந்தாலும் அந்தத் தோல் ஒரு தரம் இறங்கிவிடும். மனிதர்களையும் இப்படித் தரம் இறக்க ஆசைப்பட்ட அரசாங்கங்கள் உலகத்தில் பல இருந்தன. அவற்றில் இரண்டை மட்டும் பார்ப்போம்.

முதலில் ஜப்பான். 1720இல், எட்டாவது தொக்குகாவா ஷோகன் யோஷிமுனேயின் ஆட்சியில், மூக்கையும் காதையும் அறுக்கும் பழைய தண்டனைக்குப் பதிலாகச் சில குற்றங்களுக்குப் பச்சை குத்தும் தண்டனை வந்தது. அன்றைக்கு அது கருணை. இன்றைய தோக்கியோவான எதோவில் திருடியவனுக்கு முழங்கைக்குக் கீழே கையைச் சுற்றி இரண்டு பட்டைக் கோடுகள். ஊருக்கு ஊர் குறி மாறும். கோட்டைப் பார்த்தே எந்த ஊரில் அகப்பட்டவன் என்று சொல்லிவிடலாம். சில பகுதிகளில் நெற்றியிலேயே கைவைத்தார்கள். முதல் குற்றத்துக்கு ஒரு கோடு, அடுத்ததற்கு இன்னொன்று என்று சேர்த்துக்கொண்டே போய்க் கடைசியில் ‘நாய்’ என்ற எழுத்தை முடித்துவிடுவார்கள். அதன்பிறகு அந்த மனிதனுக்கு யார் வேலை கொடுப்பார்கள், யார் வீடு கொடுப்பார்கள்? குறி விழுந்தவன் குறி விழுந்தவர்களோடு சேர்ந்தான். சூதாட்டக் கூடங்களும் சந்தைகளில் கடை விரிக்கும் நாடோடி வியாபாரக் கூட்டங்களும் அவனைச் சேர்த்துக்கொண்டன. பின்னாளைய யாகுசா தன் பூர்வீகமாகச் சொல்லிக்கொள்வது இந்த இரண்டு கூட்டங்களைத்தான்.

கையிலிருக்கும் கோட்டை அழிக்க முடியாது. ஆனால் அதன் மேல் பெரிதாக வரையலாம். இரண்டு பட்டைக் கோடுகளை மீன் செதில்களுக்குள்ளும் அலைகளுக்குள்ளும் புதைத்துவிடலாம். இதற்குத் தோதாக 1827இல் குனியோஷி என்ற ஓவியர் ஒரு சீனக் கதையின் நூற்றெட்டு சட்டவிரோத வீரர்களை மரக்கட்டையில் செதுக்கிய படங்களாக அச்சடித்து வெளியிட ஆரம்பித்தார். ஊழல் அதிகாரிகளை எதிர்த்துச் சதுப்பு நிலத்தில் கோட்டை கட்டிக்கொண்ட கொள்ளையர்கள் அவர்கள். நம்மூர் நாடகங்களின் ஜம்புலிங்கம் ரகம். படங்களில் அவர்களுடைய முதுகு நிறைய டிராகனும் சிங்கமும் பூக்களும். படங்கள் அமோகமாக விற்றன. தீயணைப்பு வீரர்களும் கூலிக்காரர்களும் பல்லக்குத் தூக்கிகளும் அதே உருவங்களை முதுகில் குத்திக்கொண்டார்கள். அரசு தண்டனையாகத் தொடங்கியதைத் தெரு அலங்காரமாகத் திருப்பிக்கொண்டது.

இதில் ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். கழுத்திலிருந்து தொடை வரை குத்திக்கொள்கிறவர்கள் பலரும் மார்பின் நடுவில், தொண்டைக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழ்வரை, ஒரு சாண் அகலத்துக்குக் குறைவாகத் தோலை வெறுமையாக விட்டுவிடுவார்கள். கிமோனோவின் முன்பக்கம் சற்று விலகினாலும் ஒன்றும் தெரியாது. பல வருடம் வலியைப் பொறுத்து, கைநிறையக் காசைக் கொட்டி, மூங்கில் பிடியில் கட்டிய ஊசிகளால் குத்திக்கொண்ட சித்திரம் அது. தெருவில் நடக்கும்போது அதை ஒருவரும் பார்க்கக் கூடாது. உள்ளவன் மட்டுமே அறிந்த உறுதிமொழி. திரும்பிப் போக வழியில்லை என்று கூட்டத்துக்குத் தன் தோலிலேயே எழுதிக் கொடுத்த பத்திரம்.

1870இல் தண்டனைப் பச்சை ஒழிந்தது. 1872இல் எல்லாப் பச்சையும் குற்றமானது. மேலைநாட்டார் பார்த்து நம்மைக் காட்டுமிராண்டி என்று நினைத்துவிடுவார்களே என்ற கூச்சம் ஷோகன்களுக்குப் பின்வந்த மெய்ஜி அரசுக்கு. வேடிக்கை என்னவென்றால், அந்த மேலைநாட்டாரே குத்திக்கொள்ள வரிசையில் நின்றார்கள். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இங்கிலாந்து இளவரசர் 1881இல் ஜப்பானுக்குப் போய்க் கையில் டிராகன் குத்திக்கொண்டார். ரஷ்யாவின் கடைசி ஜார் நிக்கோலஸ் 1891இல் நாகசாகியில் அதையே செய்தார். வெள்ளைக்காரருக்குத் தடையில்லை. தடையெல்லாம் சொந்தக் குடிகளுக்கு.

அந்தத் தடையில் அடிபட்டவர்களைப் பற்றி யாகுசா கதை சொல்லும் சினிமாக்கள் பேசுவதில்லை. வடக்கே ஐனு இனப் பெண்கள் உதட்டைச் சுற்றிப் பச்சை குத்திக்கொள்வார்கள். பெண் வளர்ந்து ஆளானாள் என்பதற்கு அது சாட்சி. 1871இல் அதைத் தடுத்தார்கள். தெற்கே ஒக்கினாவாப் பெண்களின் புறங்கையிலும் விரல்களிலும் இருந்த குறிகளை 1899இல் தடுத்தார்கள். அந்தத் தீவுகளின் பாட்டிகள் கையை ஒளித்துக்கொண்டு வாழ்ந்து முடித்தார்கள். ஆக, ஜப்பானிலும் பாட்டிகளின் பச்சை இருந்தது. சட்டம் பாட்டிகளிடமிருந்து அதைப் பிடுங்கியது. சட்டத்துக்கு அஞ்சாதவர்கள் கையில்தான் மிச்சம் நின்றது.

1948இல், அமெரிக்க ஆக்கிரமிப்பின்போது, தடை நீங்கியது. ஆனால் காலம் கடந்திருந்தது. 1960களில் தொயெய் ஸ்டூடியோ வருடத்துக்கு வருடம் யாகுசா படங்களாக எடுத்துத் தள்ளியது. கடைசிக் காட்சியில் கதாநாயகன் தாக்ககுரா கென் ஒரு தோளிலிருந்து கிமோனோவை இறக்குவார், முதுகுச் சித்திரம் தெரியும், தியேட்டர் அதிரும். பச்சை என்றால் யாகுசா, யாகுசா என்றால் பச்சை என்று அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு மனத்தில் பதிந்துவிட்டது. போலீஸ் கணக்குப்படி 1963இல் கும்பல்களில் ஏறத்தாழ 1,84,000 பேர் இருந்தார்கள். 1992இல் நடைமுறைக்கு வந்த கும்பல் தடுப்புச் சட்டமும், 2011க்குள் 47 மாவட்டங்களிலும் வந்துவிட்ட விதிகளும் அவர்களுக்கு வங்கிக் கணக்கு, வாடகை வீடு, செல்போன் எல்லாவற்றையும் மூடின. 2024 முடிவில் 20,000 பேர்கூட இல்லை. கும்பல் கரைகிறது, குளியல் விடுதிப் பலகை மட்டும் அப்படியே தொங்குகிறது. பச்சை குத்துவது மருத்துவத் தொழில், டாக்டர் பட்டம் இல்லாதவர் செய்யக் கூடாது என்று ஒசாகா கலைஞர் ஒருவர் மேல் போட்ட வழக்கில் அவர் குற்றவாளி இல்லை என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்வதற்கு 2020 ஆகிவிட்டது.

தோல் சீமைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. எதோ காலத்தில் செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் தோல் பதனிடுவதும் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட ஒரு பிரிவின் வேலை. தூக்குமேடைப் பணியும் சிறைச்சாலை எடுபிடி வேலையும் அவர்கள் தலையிலேயே விழுந்தன. 1871இல் சட்டப்படி விடுதலை வந்தது, மனப்படி வரவில்லை. ஹிமேஜி நகரத்தின் தோல் தொழில் இன்றும் பெயர் பெற்றது. 1975இல், அந்தப் பிரிவினர் வாழும் ஊர்களின் பெயர்களைத் தொகுத்து ரகசியமாக விற்ற ஒரு பட்டியல் வெளியே வந்தது. வாங்கியவை பெரிய கம்பெனிகள். வேலைக்கு மனுப் போட்டவரின் சொந்த ஊரைப் பார்த்துக் கழித்துக்கட்டத்தான். பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் தோல் வேலையையும் சாதியையும் பற்றிப் போன பகுதிகளில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நம் பக்கம் வருவோம்.

கிழக்கிந்தியக் கும்பினி அரசு 1797இல் வங்காளத்தில் ஒரு விதி போட்டது. ஆயுள் தண்டனை பெற்ற கைதியின் நெற்றியில் அவன் பெயர், குற்றம், தண்டனை தந்த நீதிமன்றம், தேதி ஆகியவற்றை அந்த ஊர் மொழியில் பச்சை குத்திவிட வேண்டும். தப்பி ஓடினால் பிடிக்க வசதி. வடக்கே இதற்குக் கோத்னா என்று பெயர். 1802இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பம்பாயில் மட்டும் இந்த வழக்கம் வேரூன்றவில்லை. ஊசியும் கரியும் ஊர்க்காரர்களுடையவை. கிராமத்துப் பெண்கள் அழகுக்காகவும் நேர்த்திக்காகவும் குத்திக்கொண்டதை அப்படியே எடுத்துத் தண்டனையாக்கிக்கொண்டார்கள். ஜப்பானில் தண்டனையிலிருந்து அலங்காரம் பிறந்தது என்றால், இங்கே அலங்காரத்தைப் பிடித்துத் தண்டனையாக்கினார்கள்.

இந்தக் காலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வேலூர்க் கோட்டைக்குள் நுழைய வேண்டும். 1805 நவம்பரில் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் சிப்பாய்களுக்குப் புதிய உடை விதிகளை அறிவித்தார். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் நாமமோ விபூதியோ கூடாது. கடுக்கன் கூடாது. தாடி கூடாது, மீசை சொன்ன அளவில் இருக்க வேண்டும். தலைப்பாகையும் புதிது, அதில் தோலால் செய்த ஒரு குஞ்சம். இந்துச் சிப்பாய்க்கு அது பசுவின் தோல், முஸ்லிம் சிப்பாய்க்குப் பன்றித் தோல் என்ற பேச்சு கிளம்பியது. எந்தத் தோல் என்று கும்பினி விளக்கியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்? 1806 மே மாதம் வேலூரில் ஒரு படைப்பிரிவு தலைப்பாகையை அணிய மறுத்தது. முன்னணியில் நின்ற இருவருக்கு, ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், ஆளுக்கு 900 சாட்டையடி. ஜூலை 10 விடியுமுன் கோட்டை வெடித்தது. 69ஆம் ரெஜிமெண்டின் வெள்ளைச் சிப்பாய்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்துவந்த கில்லெஸ்பி அன்று பகலுக்குள் கோட்டையை மீட்டார். பழிவாங்கலில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு விதிகள் திரும்பப் பெறப்பட்டன. கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் இங்கிலாந்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள் இருந்தது, சம்பளக் குறை, பக்கீர்களின் பாட்டு என்று வேலூர்ப் புரட்சிக்குப் பல காரணங்கள் எழுதப்பட்டுவிட்டன. நான் பார்க்கும் இடம் நெற்றி. ஒரே அரசு, ஒரே மாகாணம், மூன்றே வருட இடைவெளி. கைதியின் நெற்றியில் தானே எழுதுகிறது. சிப்பாயின் நெற்றியில் அவனே இட்டுக்கொண்டதை அழிக்கச் சொல்கிறது. குடிமக்களின் நெற்றி தன் பதிவேட்டின் ஒரு பக்கம் என்று கும்பினி நினைத்துக்கொண்டிருந்தது. சிப்பாய் துப்பாக்கி வைத்திருந்தான், பதில் சொன்னான். கைதிக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் கைதியும் சும்மா இருக்கவில்லை. தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டினான். முடியை முன்னால் வளர்த்தான். எழுத்தைச் சிதைக்கப் பார்த்தான். தீவாந்தர தண்டனை பெற்றவர்கள் பினாங்குக்கும் 1825 முதல் சிங்கப்பூருக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். சிங்கப்பூரின் சாலைகளிலும், புனித ஆண்ட்ரூ தேவாலயத்திலும், இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவிலும் இந்தியக் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. நெற்றி எழுத்தோடு அங்கே போனவர்களும் அவர்களில் உண்டு. 1849இல் கும்பினி இந்தத் தண்டனையை ஒழித்தது. நிரபராதி என்று பிறகு தெரியவந்தால் நெற்றியை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஐம்பது வருடமாக அவர்களிடம் பதில் இல்லை.

ஜப்பானில் நடந்ததுபோல இங்கேயும் நெற்றி எழுத்துக்காரர்கள் ஒரு கூட்டமாகி, பச்சை என்றாலே குற்றவாளி என்ற எண்ணம் ஊரில் பரவியிருக்க வேண்டும். பரவவில்லை. ஒரு காரணம், கைதிகளைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டார்கள். அதைவிடப் பெரிய காரணம், அரசாங்கத்தின் ஊசியைவிடக் குறத்தியின் ஊசி அதிகம் பேரைத் தொட்டது. ஊரில் பாதிக் கைகளில் கோலம் இருக்கும்போது, எங்கோ ஒரு நெற்றியில் இருக்கும் எழுத்து அந்தக் கோலத்தின் பெயரைக் கெடுக்க முடியவில்லை.

அந்தக் குறத்தியைக் கொஞ்சம் கிட்டப் பார்க்க வேண்டும். கூடையும் கைக்கோலுமாக, அறுப்பு முடிந்து வீட்டில் நெல் இருக்கும் நாளாகப் பார்த்து வருவாள். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் மெல்லிய துணியில் வைத்துத் திரியாகத் திரித்து, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்துக் கரி பிடிப்பாள். கரியைக் குழைத்து மையாக்குவாள். குச்சியால் முதலில் புள்ளி வைத்து உருவத்தைக் காட்டுவாள்; பெண்ணின் அம்மா தலையாட்டிய பிறகு, சேர்த்துக் கட்டிய ஊசிகளை எடுப்பாள். குத்தக் குத்தப் பாட்டு. கை துடிக்கும்போது பாட்டு உரக்கும். முடிந்ததும் மஞ்சள் பூச்சு. கூலியாக நெல், பழைய புடவை, வெற்றிலை பாக்கு. மை எப்படிச் செய்வார்கள் என்பதைச் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் குறித்து வைத்திருக்கிறார். நெமிலிப் பக்கத்துப் பாட்டிகளிடம் எதற்குக் குத்திக்கொண்டீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கிறார்கள்: “நகை நட்டெல்லாம் இங்கியே வுட்டுட்டுத்தான் போவணும். இது ஒண்ணுதான் கூட வரும்.” மூட்டுவலிக்குக் குத்தினால் கேட்கும் என்றும் சொல்வார்கள். கேட்கிறதோ இல்லையோ, குத்திய வலியில் பழைய வலி மறந்திருக்கும்.

குறத்தியின் வீட்டு ஆண்கள் என்ன செய்தார்கள்? மாட்டின் முதுகில் பொதி ஏற்றிக் கடற்கரை உப்பை உள்நாட்டுக்கும், உள்நாட்டுத் தானியத்தைக் கடற்கரைப் பக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். சாலை இல்லாத ஊர்களுக்கு உப்பு போய்ச் சேர்ந்தது இவர்களால்தான். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் ரயில், நெமிலிக்குப் பக்கத்து அரக்கோணம் வழியாக. ஒரு வண்டியில் போன சரக்குக்கு எத்தனை மாட்டுப் பொதி ஈடாகும்? கும்பினிக் காலத்திலேயே உப்பு அரசின் ஏகபோகம் ஆகியிருந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் மாடுகள் செத்தன. 1882இல் வந்த காட்டுச் சட்டம் மூங்கிலையும் மேய்ச்சலையும் பிடுங்கியது. தொழில் போனவர்களின் நடமாட்டம் மட்டும் நிற்கவில்லை. காரணமில்லாமல் ஊர் ஊராக அலைகிறவர்கள் என்று போலீஸ் பார்த்தது.

1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தி விரிக்கப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. குறவர்களில் பல பிரிவுகள் பட்டியலில் ஏறின. பிறப்பே குற்றம். வயது வந்த ஆணின் பத்து விரலையும் உருட்டி ரேகை எடுத்தார்கள், ஊரைவிட்டுப் போவதற்குச் சீட்டு கொடுத்தார்கள், ராத்திரியில் ஆஜர் கேட்டார்கள். குற்றாலக் குறவஞ்சியில் குறத்தியைத் தலைவிக்குச் சமமாக நிறுத்தி ரசித்த அதே தமிழ்நாட்டில் நடந்தது இது. தென்மாவட்டத்தில் பிறமலைக் கள்ளர்கள் ரேகை கொடுக்க மறுத்து நின்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டதில் மாயக்காள் உள்பட 16 பேர் இறந்தார்கள்.

இந்த இடத்தில் இரண்டு நாடுகளின் கதைகளும் பிரிகின்றன. ஜப்பானில் பச்சையைக் குற்றமாக்கினார்கள். இங்கே பச்சையை யாரும் தொடவில்லை. குத்திய கையைப் பட்டியலில் ஏற்றினார்கள். நெற்றியில் எழுதுவதை 1849இல் நிறுத்திய அரசு, அறுபது வருடம் கழித்து விரலிலிருந்து எழுத்தை எடுத்துக்கொண்டது. தனி மனிதனின் குற்றத்தை எழுதுவது போய், சாதி முழுவதையும் எழுதும் காலம் வந்தது. குறத்தியின் மை எப்படி உருவாகிறது என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்ட அதே தர்ஸ்டன்தான், மண்டையையும் மூக்கையும் அளந்து ஆளை அடையாளம் காண்பது எப்படி என்று சென்னைப் போலீசாருக்குப் பாடம் நடத்தினார். இரண்டும் அவருக்கு ஒரே ஆராய்ச்சி.

பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழில் அங்க மச்ச அடையாளம் என்று இரண்டு வரி இருக்குமே, வலது முழங்காலில் ஒரு தழும்பு, கழுத்தில் ஒரு மச்சம் என்று வாத்தியார் தேடிப் பிடித்து எழுதுவாரே, உடம்பைப் படிக்கும் அந்தப் பழக்கத்தின் தூரத்து உறவுதான் அது. எனக்கு மச்சம் கிடைக்காமல் அம்மைத் தழும்பில் சமாளித்தார்கள்.

சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்றும் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்தது. பட்டியலில் இருந்தவர்கள் சீர்மரபினர் ஆனார்கள். ஆனால் 1948இலேயே வழக்கமாகக் குற்றம் செய்வோர் சட்டம் என்று வேறொன்று சென்னையில் வந்துவிட்டது. போலீஸ் நிலையத்தின் நினைவாற்றல் சட்டப் புத்தகத்தைவிட நீளமானது. 1993இல் நடந்த இரண்டு சம்பவங்களைச் சேர்த்துப் பார்க்கலாம். அந்த வருடம் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு நகைத் திருட்டுச் சந்தேகத்தில் கொண்டுபோகப்பட்ட குறவர் சமூகத்து ராஜாகண்ணு உயிரோடு திரும்பவில்லை. உயர் நீதிமன்றம் 2006இல் போலீஸ்காரர்களைத் தண்டித்தது. ‘ஜெய்பீம்’ படம் இந்த வழக்கைத் தழுவியதுதான். படத்தில் அவரை இருளராக மாற்றிவிட்டார்கள். அதே 1993இல் அமிர்தசரஸில் நான்கு பெண்களைப் பிடித்த பஞ்சாப் போலீசார் அவர்களுடைய நெற்றியில் பிக்பாக்கெட்காரி என்று பொருள்படும் பஞ்சாபிச் சொல்லைப் பச்சை குத்தி அனுப்பினார்கள். 1849இல் ஒழிந்த தண்டனையை 144 வருடம் கழித்து ஒரு காவல் நிலையம் தானாகவே திரும்பக் கொண்டுவந்தது. அந்தப் போலீசாருக்கு சி.பி.ஐ. நீதிமன்றம் தண்டனை விதித்தது 2016இல். அமிதாப் நடித்த ‘தீவார்’ படத்தில் ஒரு சிறுவன் கையில் ‘என் அப்பன் திருடன்’ என்று குத்திவிடுவார்களே, 1975இல் அதைப் பார்த்து அழாதவர்கள் கிடையாது. ரஜினி நடித்த ‘தீ’ அதன் தமிழ் வடிவம். சினிமாக் கற்பனை என்றுதான் நினைத்திருப்போம்.

தமிழ்நாட்டில் பச்சைக்கு இடையில் ஓர் அரசியல் வாழ்வும் உண்டு. 1970களில் எம்.ஜி.ஆர். தம் கட்சிக்காரர்கள் கட்சி அடையாளத்தைக் கையில் குத்திக்கொள்ள வேண்டும் என்றார். ஆயிரக்கணக்கானவர்கள் குத்திக்கொண்டார்கள், எதிர்த்த சிலர் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். விசுவாசத்தைத் தோலில் எழுதி வாங்குவதில் யாகுசாவின் முதுகுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை வாசகர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இன்று நெமிலி பஸ் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களின் மணிக்கட்டில் சின்னதாகப் பட்டாம்பூச்சியோ குழந்தையின் பெயரோ இருக்கிறது. அரக்கோணத்துக் கடையில் மெஷினில் குத்தியது. பாட்டியின் கையில் இருப்பது பச்சை, பேத்தியின் கையில் இருப்பது டாட்டூ. இரண்டுக்கும் வீட்டில் இரண்டு மரியாதை. பையன்களுக்கோ வேறு கவலை. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுவார்கள், அவ்வளவு சிப்பாய்கள். ராணுவத்தின் இன்றைய விதிப்படி முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே பச்சை இருக்கலாம். பழங்குடியினருக்கு மட்டும் அவர்கள் வழக்கப்படி சலுகை. தோளிலோ மார்பிலோ காதலியின் பெயரை எழுதிக்கொண்டவன் ஆள்சேர்ப்பு முகாமுக்கு முன்னால் லேசர் வைத்து அழிக்க அலைகிறான். கிரடாக்கின் 1805 விதியைப் போல இதற்கு யாரும் கோட்டையைப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் சிப்பாயின் தோலில் என்ன இருக்கலாம் என்பதைப் படையே தீர்மானிக்கும் என்ற ஏற்பாடு மாறவில்லை.

தோலில் எழுதியது போகப் பதிவேட்டில் எழுதியதும் உண்டு. 2024 அக்டோபர் 3 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. சிறைப் பதிவேடுகளில் சாதியைக் குறிக்கும் பத்தியை நீக்க வேண்டும். சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் காட்டும் விதிகள் செல்லாது. சாதி பார்த்துச் சிறையில் வேலை பிரிக்கக் கூடாது. இந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டிய சிறை விதிகளில் சில, பிரிட்டிஷ் காலத்து வாசகங்களை அப்படியே வைத்திருந்தவை.

பட்டியலில் ஏறிய குறவர் குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்த குடியிருப்புகளைப் பற்றி இந்தப் பகுதியில் சொல்ல இடமில்லை. ரட்சண்ய சேனையின் பூத் டக்கர் அவற்றை நடத்த முன்வந்தது, குண்டூர்ப் பக்கத்து ஸ்டூவர்ட்புரம், தென்னாற்காட்டு அஜீஸ் நகர், கம்பிவேலிக்குள் தறியும் ஏரும் கொடுத்து மனிதர்களைத் திருத்த நினைத்த கதை ஆகியவை அடுத்த வாரம்.